லென்ஸோடு கண்ட கணி

வாலாம்பாளை நினைச்சா எனக்கு முதல்ல கோவம்தான் வரும். மத்ததெல்லாம் பிறகு. கரமனையில அவளுக்கு அக்ரஹாரத்துல வீடு, எனக்கு ஆத்தங்கரைப் பக்கம். கோயிலுக்குப் போற வழியில பேசிப் பேசிச் சிநேகமானோம். ஒரே வயசுதான், ஆனாலும் "மாமி"ன்னுதான் கூப்பிடுவேன். நான் சாலைக் கடைத்தெருவுல ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பார்க்கேன். அதனால அவ கண்ணு என் பொறுப்புன்னு ஆகிப்போச்சு.

சோடாபுட்டிக் கண்ணாடி அவளுக்கு. கழட்டினா எதிர்ல நிக்குறது ஆளா தூணான்னு தெரியாது. புருஷன் கல்யாணராமன் மஸ்கட்டுல கணக்கெழுதுற உத்தியோகம். நாலு வருஷத்துக்கு ஒருக்கா வருவார். போன தடவை அவரை அழைக்க விமானத்தாவளத்துக்குப் போனவ, தன் கண்ணை அவர் பார்க்கட்டும்னு கண்ணாடியைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டு, வேற எவனோ ஒருத்தனைப் பார்த்துக் கையாட்டிட்டா! ஊரே சிரிச்சுது. அவளும் சிரிச்சா. என்கிட்ட மட்டும் அழுதா.

"தூரத்துலேர்ந்து அவர் நடந்து வர்றதையும் பார்க்கணும், பக்கத்துல வந்தா முகத்தையும் பார்க்கணும். வேற என்னடி கேட்டேன், பொன்னம்மை?"

நாற்பது தாண்டினதுல கிட்டப் பார்வையும் மங்கிட்டு வந்துது அவளுக்கு. ரெண்டாயிரத்து ரெண்டுல, அவர் மலையாளத்து வருஷப்பிறப்பான விஷு அன்னைக்கு வரார்னு தெரிஞ்சதும், இரட்டைப் பார்வை காண்டாக்ட் லென்ஸ் வேணும்னு வந்து நின்னா. டாக்டர் அளவெடுத்தார், சென்னையில இருந்து வந்துது. நான் விளக்கினேன். "மாமி, இதுல கோடு கிடையாது. வட்டத்துக்குள்ள வட்டம். எட்டமும் கிட்டமும் சேர்ந்தே கண்ணுக்குள்ள போகும். எது வேணுமோ அதை மூளை எடுத்துக்கணும். பழக நாளாகும். விளக்கைச் சுத்தி வளையம் தெரியும், பயப்படாதீங்க. ஆனா இதைப் போட்டுக்கிட்டு மட்டும் தூங்கப்படாது."

"சரிடி, சரிடி"ன்னா. பழகியும் விட்டா. மாடியில நின்னு ஆத்துக்கு அக்கரையில போறவனை அடையாளம் சொல்லுவா, அடுத்த நிமிஷம் குனிஞ்சு அரிசியில கல் பொறுக்குவா. குமரிப்பிள்ளை மாதிரி சிரிப்பு.

விஷு வந்துது. அன்னைக்கு முழிச்சதும் முதல்ல கணியை, சாமி முன்னால ராத்திரியே அடுக்கி வச்ச பூவையும் காயையும் பொன்னையும், பார்த்தாத்தான் வருஷம் நல்லாயிருக்கும். அதுவரை கண்ணைத் திறக்கப்படாது. மத்த வருஷமெல்லாம் கண்ணை மூடிக்கிட்டே தலைமாட்டுல தடவிச் சோடாபுட்டியை மாட்டிக்கிட்டுப் போய்க் கொன்னைப்பூவையும் வெள்ளரிக்காயையும் பார்ப்பா. "கண்ணாடிச் சில்லு வழியாக் கண்ட கணி பலிக்கலை, அதான் அவர் அங்கேயே இருக்கார்"னு அவளுக்கு ஒரு எண்ணம். இந்த வருஷம் வெறும் கண்ணால பார்க்கணும், அவர் இங்கேயே தங்கிடணும். ஆனா லென்ஸ் போடணும்னா கண்ணைத் திறந்து, நிலைக்கண்ணாடியைப் பார்த்துல்ல போடணும்? அப்போ முதல் காட்சி கணி இல்லையே! என்ன செய்தா தெரியுமா? முந்தின நாளே போட்டுக்கிட்டுப் படுத்துட்டா, பாவி!

காலையில பூவும் பொன்னும், விளக்கைச் சுத்தி வளையமும் நல்லாத்தான் தெரிஞ்சுதாம். மத்தியானம் ரெண்டு கண்ணும் ரத்தமாச் சிவந்து வீங்கிப்போச்சு. டாக்டர் லென்ஸைக் கழட்டிக் குப்பையில போட்டுட்டு, சத்தம் போட்டார். நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். சாயங்காலம் கல்யாணராமன் தனியாத்தான் டாக்ஸி பிடிச்சு வந்தார்.

அவருக்கு லீவு ரெண்டே வாரம். இருட்டு அறையில பக்கத்துலேயே உட்கார்ந்து மருந்து விட்டார், சோறு ஊட்டினார். அவ கை அவர் சட்டையை விடலை. சோடாபுட்டியைப் போட்டுப் பார்த்தா கண் கூசிக் கண்ணீர்தான் கொட்டும். கறுப்புக் கண்ணாடியில பவர் கிடையாது, அவர் வெறும் நிழல். எத்தனை ஆசை வச்சிருந்தா!

அவர் திரும்பிப் போற நாள். பிடிவாதமா விமானத்தாவளத்துக்கு வந்தா. நான்தான் கையைப் பிடிச்சிருந்தேன். "வரேன், வாலா"ன்னு சொல்லிட்டு அவர் பெட்டியைத் தள்ளிக்கிட்டு நடந்தார். வெயில் தாழ்ந்திருந்துது. சட்டுனு கறுப்புக் கண்ணாடியைக் கழட்டினா, பையிலிருந்து சோடாபுட்டியை எடுத்து மாட்டினா.

"தெரியறதுடி! நன்னாத் தெரியறது!"

தெரிஞ்சது முதுகு. அவர் வாசல் கிட்டப் போயாச்சு. பயணம் போறவரைப் பின்னாலிருந்து கூப்பிடப்படாது. அவ வீட்டுல அதைச் செத்தாலும் செய்யமாட்டாங்க. கணிக்காகக் கண்ணையே கெடுத்துக்கிட்டவளாச்சே.

"ஏன்னா! திரும்புங்கோ!"

அங்கே நின்ன அத்தனை பேரும் திரும்பினாங்க. அவரும் திரும்பினார். அவ பார்த்துக்கிட்டே நின்னா. அவர் உள்ளே போன பிறகு என் கையை இறுக்கிப் பிடிச்சா.

"தலை முழுக்க நரைச்சுடுத்தேடி அவருக்கு. ரெண்டு வாரமா என் பக்கத்துலேயே இருந்தார். ஒருத்தியும் எங்கிட்ட சொல்லலையே."