அக்காவின் முறை

கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்க்கிறார். திருப்தி இல்லை. பம்ப்பை எடுத்து இன்னும் நாலு அடி அடித்துவிட்டு மறுபடி அழுத்துகிறார். எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் மற்ற எல்லோரிடமும் காற்றளவை முள்ளால் காட்டும் பம்ப் இருக்கிறது. ரொட்டிக்கார அக்காவுக்கு அதன்மேல் நம்பிக்கை கிடையாது. "மாவுப் பதம் தெரிஞ்ச விரலு இது. உங்க முள்ளு என்னத்தச் சொல்லிடப் போகுது?"

வயது ஐம்பத்து நான்கு. வாரத்தில் ஆறு நாள் பேக்கரி அடுப்பின் முன்னால் நிற்கிறார். முன்னங்கை இரண்டிலும் தட்டு சுட்ட தழும்புகள் வரிவரியாக இருக்கும். ஏழாவது நாள் எங்களோடு எண்பது கிலோமீட்டர். அதுவும் வேகக் குழுவில். "முட்டி போச்சுன்னா யாரு பாக்கிறது?" என்று வீட்டுக்காரர் கேட்டாராம். "நீங்கதான். வேற எதுக்கு உங்களக் கட்டிக்கிட்டேன்?" என்றாராம் இவர்.

வேகக் குழு ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு போகும். முன்னால் இருப்பவர் காற்று வாங்குவார். சும்மா உலாத்திக்கொண்டு வாங்குகிற காற்று இல்லை, நெஞ்சில் அறை வாங்குவது. பின்னால் வருகிறவர்களுக்குச் சொகுசு. இரண்டு நிமிடம் ஆனதும் அவர் விலகிக் கடைசிக்கு வந்துவிடுவார், அடுத்தவர் முன்னால் போவார். அக்காவின் முறை வரும்போது மட்டும், "நீங்க விடுங்கக்கா, நான் போறேன்" என்று யாராவது முந்திவிடுவார்கள். மரியாதையாம்! நானும் அப்படி முந்தியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன ஞாயிறு, கிளம்பும் நேரத்தில் எங்கள் தலைவர் மெல்ல ஆரம்பித்தார். வங்கி மேலாளர், இதமாகப் பேசத் தெரிந்தவர்.

"அக்கா, அடுத்த வாரத்துலேர்ந்து மெதுவாப் போற குழுவோட வாங்களேன். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒரு தடவைகூட முன்னாடி போகல பாருங்க."

"விட்டீங்களா?"

"இல்லக்கா, வெயில் வேற…"

"வெயிலா? எங்க அடுப்பு வாயில ஒரு நாள் நின்னு பாருங்க தம்பி, அப்புறம் பேசலாம். மெதுவாப் போறதுக்கு நான் வீட்டுலயே இருந்துடுவேன். இன்னைக்கு என் முறை வரும். குறுக்க எவனாவது வந்தீங்க, இடிச்சுத் தள்ளிட்டுப் போவேன்!"



திரும்பி வரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. தார் இளகி டயரில் ஒட்டியது. எதிர்காற்று அனலாக அடித்தது. நான்கு பேர் மர நிழலைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சம் ஐந்து பேர். முன்னால் இருந்தவர் விலகினார். அடுத்து அக்கா, அவருக்குப் பின்னால் மேலாளர், அப்புறம் நான். பழக்கதோஷத்தில் மேலாளர் பக்கவாட்டில் ஒதுங்கி முந்தப் பார்த்தார்.

"தம்பீ!"

அந்த ஒரு அதட்டலில் மேலாளர் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்.

அக்கா தலையைத் தாழ்த்தினார். முதுகில் சட்டை உப்புப் பூத்துக் கிடந்தது. இரண்டு நிமிடம் ஆயிற்று, விலகவில்லை. நான்கு ஆயிற்று. வேகம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. எனக்குக் கால் கெஞ்சியது, ஆனாலும் 'விடாதீங்கக்கா, விடாதீங்க' என்று மனசுக்குள் கத்திக்கொண்டே மிதித்தேன். எனக்கு முன்னால் மேலாளருக்கு மூச்சு இரைத்தது. அவருக்கும் அக்காவுக்கும் நடுவே ஒரு சைக்கிள் இடைவெளி விழுந்துவிட்டது.

"போதும்… அக்கா… பின்னாடி… வாங்க!"

அக்கா விலகவில்லை. மேலாளர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து வாயில் கவிழ்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. திரும்பச் செருகிய வெறும் பாட்டில் கம்பியில் கடகடவென்று ஆடிய சத்தம் அக்காவுக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல், மிதிப்பதையும் நிறுத்தாமல், தன் பாட்டிலை உருவி இடது கையால் பின்பக்கம் நீட்டினார்.

அதை வாங்குவதற்கு மேலாளர் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்தது.