பெயரில்லாத பாட்டுகள்

வேலை செய்த பாட்டுப் பதியும் கடையை விட்டு விலகி, புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அந்தக் கடையில் எந்தச் சீடியைக் கணினியில் ஏற்றினாலும் பாட்டுகளுக்கு 'ட்ராக் ஒன்று', 'ட்ராக் இரண்டு' என்றே பெயர் வரும். முதலாளி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுவார். ஒரே பெயர் என்பதால் புதியது பழையதை அழித்துவிடும். முந்தின நாள் சினிமாப் பாட்டுகளை ஏற்றியதில் கோயில் திருவிழாப் பாட்டுகள் போய்விட்டன.

"ஒவ்வொண்டுக்கும் பேர் போடுவம், அண்ணை" என்றேன்.

"பேர் வைக்க இதென்ன பிள்ளையே? சும்மா இரடா."

அதோடு வெளிக்கிட்டேன். வேறு கடையிலாவது இதைச் செய்தே தீருவேன்.

பின்னேரம் முல்லைத்தீவில் ஒரு சீடிக்கடைக்காரர், "என்ன வேலை தெரியும், தம்பி?" என்று கேட்டார்.

"பாட்டைக் கேட்டுப் பேர் போடுவன். ஒண்டும் அழியாது."

"அப்ப காலமை வாரும்."

மறுநாள் காலை, அந்தக் கடையின் ஜெனரேற்றர் இரைச்சலுக்குள் முதல் பாட்டுக்குக் காதைக் கொடுத்து, கணினியில் அதன் பெயரை அடித்தேன்.