ஆடிக் காற்றும் பஞ்சுத் திண்டும்

யோகா டீச்சர் இருந்தார். அவர் கோயமுத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற பெண். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் இருந்தார். மண்டபத்துச் சமையல்காரர் இருந்தார். என் வீட்டுக்காரி இருந்தாள். கடைசிப் பாயில் நான்.

சூலூரில் ஒரு கல்யாண மண்டபம். ஆடியில் கல்யாணம் கிடையாது. பந்தி போடும் ஹால் சும்மா கிடந்தது. காலையில் ஒரு மணி நேரம் யோகாவுக்கு விட்டார்கள். சமையல்காரருக்கும் ஆடியில் வேலை இல்லை. அதனால் வந்தார்.

நான் வந்தது மூச்சுக்காக. நானும் வீட்டுக்காரியும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். பாலக்காட்டுப் பக்கமிருந்து ஆடிக் காற்று இறங்கினால் எனக்கு வீசிங் வந்துவிடும். போன வருசம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இந்த வருசம் டாக்டர் ஊதிப் பார்க்கிற குழாய் ஒன்று கொடுத்தார். ஊதினால் முள் ஏறும். மருந்தை விடாதே, இருநூறுக்குக் கீழே இறங்கினால் தறிக்குடோனுக்குள் கால் வைக்காதே என்றார்.

புருசன் பெண்டாட்டி ரெண்டு பேரும் தறி ஓட்டினால்தான் எங்கள் முதலாளி குடோன் பக்கத்தில் வீடு கொடுப்பார். நான் நின்றால் வீடு போகும். ஆடி மட்டும் நில்லுங்க, முடிந்ததும் ஊதிப் பார்த்து முடிவு பண்ணலாம் என்று சொல்லியிருந்தார்.

யோகா என்றால் குனிந்து நிமிர்வது என்று நினைத்திருந்தேன். இது யின் யோகா. ஒரே நிலையில் அஞ்சு நிமிசம் அப்படியே கிடக்க வேண்டும்.

"காலம் மாறுதுங்கல்ல, ஒடம்பும் மெதுவா மாறோணும். அதைய அவசரப்படுத்தாதீங்க. சும்மா உட்டுருங்க" என்றார் டீச்சர்.

"எலை போடற எடத்துல நம்மளைப் போட்டுட்டாங்க" என்றார் கண்டக்டர்.

"எந்திரிச்சீங்கன்னா சாம்பாரை ஊத்திப்போடுவனுங்க. படுங்க" என்றார் சமையல்காரர்.

டீச்சரின் மெதுவான குரல் எனக்குப் பாதிதான் கேட்கும். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. குடோனில் நாங்கள் கையால்தான் பேசுவோம். இங்கேயும் வீட்டுக்காரி கையால்தான் சொன்னாள். உள்ளங்கை கீழே பார்த்தால் கிட. மேலே பார்த்தால் எழு.

ஆளுக்கொரு திண்டு கொண்டுவரச் சொன்னார்கள். கடையில் விற்பதன் விலையை வீட்டுக்காரி போய்ப் பார்த்தாள். "இதைய நானே தெச்சுப்போடறனுங்க" என்றாள். தறியில் விழுகிற கழிவுப் பஞ்சை அடைத்துத் தைத்தாள். எங்கள் வரிசையில் எல்லா வீட்டுத் தலையணையும் அப்படித்தான்.

முழங்காலை மடக்கிக் குப்புறக் கிடந்து, நெஞ்சையும் முகத்தையும் திண்டின் மேல் வைக்க வேண்டும். முதலில் நன்றாக இருந்தது. தோள் இறங்கியது. பிறகு நாளுக்கு நாள் குழாயின் முள் இறங்க ஆரம்பித்தது.

"காத்து ஜாஸ்திங்க. ஊட்லயும் கொஞ்ச நேரம் படுங்க" என்றாள் வீட்டுக்காரி. சாயங்காலமும் படுத்தேன். முள் இன்னும் இறங்கியது. காற்றைத்தான் திட்டினோம்.

ஒரு நாள் குப்புறக் கிடக்கும்போது நெஞ்சு கீச்சிட்டது. பக்கத்துப் பாய் சமையல்காரர் கண்ணைத் திறக்காமல், "ஏனுங்க, ஆரு குக்கர் வெச்சிருக்கறது?" என்றார். கண்டக்டர் சிரித்தார். என்னால் பேச முடியவில்லை. கையைத் தூக்கி மூடிக் காட்டினேன். தறியை நிறுத்து என்று அர்த்தம். வீட்டுக்காரி ஓடி வந்தாள். உட்காரவைத்து இன்ஹேலரை வாயில் வைத்தாள்.

டீச்சர் திண்டை எடுத்து நகர்த்தினார். ஜன்னல் வெயிலில் தூசி பறந்தது.

"இதுக்குள்ள என்னங்கக்கா வெச்சிருக்கீங்க?"

"தறிக் கழிவுங்க."

டீச்சர் திண்டைக் கீழே வைக்காமல் வெளியே கொண்டுபோனார். "குடோனையே தூக்கியாந்து மூஞ்சிக்கு அடியில வெச்சுட்டீங்களே" என்றார் கண்டக்டர். யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, "நானே உங்களைக் கொன்னுபோட்டிருப்பனுங்க" என்றாள்.

"சும்மா இரு புள்ள. எனக்கும்தான் தோணுல."

அதையும் வீட்டுத் தலையணைகளையும் பிரித்துக் கொட்டினாள். தன் பழைய சேலைகளை மடித்து அடைத்துத் தைத்தாள். மறுபடி படுத்தேன். தூசி இல்லை. ஆனால் உடம்பைத் தளர விட முடியவில்லை. தறி ஓடும்போது நினைப்பு எதுவும் வராது. அந்த ஹாலில் சத்தம் இல்லை. மனசில் வீடு வந்து நின்றது. எங்கே போவது, தண்ணீர் டிரம்மை எங்கே வைப்பது, அவள் ஒருத்தியை யார் தறியில் சேர்ப்பார்கள். உட்டுருங்க என்பார் டீச்சர். எதை விடுவது?

ஆடி முடிந்தது. மண்டபத்துக்கு வாழைமரம் வந்து இறங்கியது. வகுப்பு நின்றது. சமையல்காரர் அடுப்படியிலிருந்து கரண்டியை ஆட்டினார்.

மறுநாள் முதலாளி குடோன் வாசலுக்கு வந்தார். "ஆடி போயிருச்சுங்க. ஊதிக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

வீட்டுக்காரி குழாயை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். மூன்று தடவை ஊத வேண்டும். எது அதிகமோ அதுதான் கணக்கு. முதலில் நூற்று எழுபது. அடுத்து நூற்று எண்பது.

"நல்லா இழுத்து ஊதுங்க" என்று கையால் காட்டினாள்.

ஊதினேன். முதலாளி குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

நூற்றுத் தொண்ணூறு.