நல்லா எளச்சுட்ட

புதுமடம் கடற்கரையில் மகளோடு நடந்து திரும்பும்போது, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவள் மகளைப் பார்த்துச் சிரித்தாள். “நல்லா எளச்சுட்டியே புள்ள!”



இதே ஈரமணலில்தான் என் அக்காவும் நடந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் குண்டு என்று சொல்லிப் போனதிலிருந்து விடிகாலையில் நடை. ராத்திரியில் சோறு கிடையாது. சிறுமியான நான் அவள் கால்தடத்திலேயே மிதித்துப் போவேன். போகப்போகத் தடத்தின் ஆழம் குறைந்தது. ஊரே மெச்சியது. அம்மா பூரித்துப்போய் அவள் ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தாள். அக்கா செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். “நடக்குற புள்ளைக்குத் தண்ணி தவிக்காதா?” என்றாள் அம்மா.

சர்க்கரை நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அக்காவுக்கு நினைவில்லை, பிறகு திரும்பவுமில்லை. பிடித்துத் தைத்த ரவிக்கையைத்தான் கடைசியாகப் போட்டுவிட்டோம். அதுவும் தொளதொளத்தது.

மகளின் கையைப் பிடித்தேன். “ஏத்தா, ஒனக்குத் தண்ணி ரொம்பத் தவிக்குதா?”