நாலாம் போட்

டீவி திருத்துவது என் தொழில். கல்முனையில் கடை. படிப்பு அதிகம் இல்லை. டீவி மெனுவில் உள்ள இங்கிலீசு மட்டும் தெரியும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மதியம் ளுஹர் தொழுதுவிட்டுக் கடையைத் திறந்ததும் போன் வந்தது. சாய்ந்தமருதிலிருந்து ஜுனைதீன் மச்சானின் மகள் றிஸ்னா.

"மாமா, மொனிட்டர் எரிஞ்சு போச்சி. வாப்பாட டீவியில கம்பியூட்டரக் குடுத்தன். மவுஸ அசைச்சாலும் படம் ஆகலும் சுணங்கித்தான் வருது. போட் சரியில்ல போல."

பின்னால் ஜுனைதீன் கத்துவது கேட்டது. "என்ட போட்டுக்கு என்ன? கரையில நல்லாத்தானே கிடக்கு!"

அவர் மீன்பிடி போட் வைத்திருப்பவர். எங்கள் ஊரில் கடலில் ஓடுவதும் போட்தான். டீவிக்குப் பின்னால் வயர் குத்தும் இடமும் போட்தான்.

போனேன். கடலுக்குப் பக்கத்து வீடு. ஐம்பத்தைந்து அங்குல டீவி. றிஸ்னா மூக்கு அதில் முட்டுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். கொழும்பில் ஒரு கேம் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒரே ஓர் இடம். தேர்வு நெட்டில். சுடுகிற விளையாட்டு, மூன்று ஆட்டம், பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு. அந்த ஓர் இடத்துக்காகத்தான் இவ்வளவு காலம் பழகியிருக்கிறாள்.

"பின்னால போ மகள். இவ்வளவு கிட்ட இருந்தா ஒரு கண்ண கல்முனைக்கும் மத்தக் கண்ண அக்கரைப்பத்துக்கும் அனுப்போணும்."

முதலில் கேம் மோட் போட்டேன். டீவி படத்தை அழகாக்குகிற வேலையை எல்லாம் விட்டுவிடும். மவுஸ் அசைந்ததும் படமும் அசையும்.

"சுணக்கம் போச்சி மாமா. ஆனா எதிராளி துள்ளித் துள்ளி வாறான். நான் காணக்குள்ள அவன் சுட்டுட்டுப் போயிருவான்."

கம்பியூட்டர் செட்டிங்கில் பார்த்தேன். அறுபது ஹேர்ட்ஸ். அதாவது ஒரு செக்கனுக்கு அறுபது படம். அதற்கு மேல் இலக்கம் காட்டவில்லை.

"பெட்டியில இருநூறு எண்டு அடிச்சிரிக்கே!" என்றார் ஜுனைதீன்.

"அது டீவி தானா நடுவுல படம் செஞ்சு போடுற கணக்கு மச்சான். உள்ள வாறது அறுவதுதான்."

டீவியைத் திருப்பினேன். நாலாவது போட்டின் பக்கத்தில் சின்ன எழுத்தில் 120 என்று இருந்தது. அந்தப் போட்டைத்தான் காணவில்லை. கறுப்பு டேப், டேப்புக்குக் கீழே டியூப் றப்பர், அதற்கும் கீழே கிரீஸ்.

"இதார் செஞ்ச?"

"நான்தான். உப்புக் காத்து அடிக்கெல்லோ. மத்ததுகள ஒட்டுறத்துக்குள்ள டேப் முடிஞ்சி. போட் மெசின்ட பிளக்குக்கும் இப்பிடித்தான் செய்யிற. என்ட மெசின் ஒரு நாளும் நிண்டதில்ல."

"மச்சான், இது கடலுக்குப் போற போட் இல்ல."

றிஸ்னா தலையில் கை வைத்தாள்.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். "கிரீஸ எடுக்கக்குள்ள போட்டுக்குள்ள இருக்கிற சின்னப் பின் ஒடஞ்சா டீவிட உள் போர்டையே மாத்தோணும். கொஞ்ச நாளைக்கு டீவி இல்ல. இரவைக்கு உங்கட கிரிக்கெட்டும் இல்ல."

ஜுனைதீன் டீவியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"கிரிக்கெட் ரேடியோவிலயும் போகும். எடு."

கரண்டைக் கழற்றினேன். பிஸ்மி சொல்லி டேப்பை உரித்தேன். பல் குத்துகிற குச்சியால் கிரீஸை வழித்து, கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷால் தடவி, காயவிட்டேன். டோர்ச் அடித்தேன். சும்மா திறந்து கிடந்த மற்றப் போட்டுகளில் பச்சைக் களிம்பு. நாலாவதில் பின் எல்லாம் புதிது போல மினுங்கியது.

ஜுனைதீனும் எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், கதையக் காணல்ல?"

நான் டோர்ச்சை அணைத்தேன்.

வயரை நாலில் குத்தினேன். டீவி மெனுவில் அந்தப் போட்டுக்கு வேகத்தைத் திறந்துவிட்டேன். இதைச் செய்யாவிட்டால் சரியான போட்டில் குத்தியும் பலனில்லை. கம்பியூட்டரில் படத்தின் அளவை 1080க்கு இறக்கினேன். அவளுடைய கம்பியூட்டரில் படம் அனுப்புகிற பழைய கார்ட் அதற்கு மேல் இழுக்காது. இலக்கப் பட்டியலில் 120 வந்து நின்றது. அதைத் தட்டினேன். திரை ஒருமுறை கறுத்துத் திரும்பி வந்தது.

றிஸ்னா மவுஸை ஓர் இழுப்பு இழுத்தாள். "மாமா! எண்ணெயில வழுக்கிற மாதிரிப் போகுது!"

அசர் தொழுதுவிட்டு வந்தோம். ஆட்டம் தொடங்கியது. முதல் ஆட்டம் தோற்றாள். பெரிய திரைக்குக் கண் பழகவில்லை. கதிரையை இன்னும் பின்னால் இழுத்துப் போட்டாள். இரண்டாவது ஆட்டம் அவளுக்கு. மூன்றாவதில் கடைசி எதிராளி சுவர் ஓரத்தில் தலை நீட்டினான்.

"அந்தா வாறான்! அடி மகள், அடி!" ஜுனைதீன் கடலில் வலை இழுக்கிறவர் போலக் கத்தினார்.

அவன் சுடுவதற்குள் அவள் சுட்டுவிட்டாள்.

"வாப்பா, கத்தாதீங்க! மைக் திறந்திரிக்கி!"

ஸ்பீக்கரில் கொழும்புக்காரர் சிரித்தார். "றிஸ்னா, நீங்க டீம்ல இருக்கீங்க. பின்னால கத்துறவரும் வாறாரா?"

ஜுனைதீன் மைக்குக்குக் கிட்டப் போய்ச் சொன்னார். "எனக்கு ஏலா. விடிய கடலுக்குப் போகோணும்."

நான் படித்தது இதுதான். டீவியைக் கேமுக்குப் பொருத்துவதென்றால் பெட்டியில் அடித்திருக்கிற இலக்கத்தை நம்பாதீர்கள். டீவியைத் திருப்பி, 120 எந்தப் போட்டில் என்று பாருங்கள். கடற்கரை வீடென்றால் சும்மா கிடக்கிற போட்டை மூடச் சொல்லுங்கள். கிரீஸ் வேண்டாம், றப்பர் மூடி போதும். நானும் இப்போது அப்படித்தான் சொல்கிறேன். யாரிடம் படித்தேன் என்று மட்டும் சொல்வதில்லை.

சொல்லவும் தேவையில்லை. ஜுனைதீன் மச்சானே மீன் வாங்க வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுகிறார்.

"எனக்கு ரெண்டு போட். ரெண்டும் ஒரு நாளும் நிண்டதில்ல."