தேவானை திருத்திய ஆண்டறிக்கை

சந்திரமௌலி வாயைத் திறந்தாலே தேவானைக்கு உதடு கோணும். தி. நகரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் மொழிபெயர்ப்பு நிறுவனம் நடத்திய அந்த மனிதருக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொல்ல மட்டும் தெரியும். அதையும் தப்பாகத்தான் சொல்வார். தேவானையோ காரைக்காலில் பிரெஞ்சு படித்து, புதுச்சேரியில் ஓர் ஆடிட்டரிடம் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவள். கணவருக்கு மாற்றலாகி மேற்கு மாம்பலத்துக்குக் குடிவந்தபின், பிரெஞ்சுக் கம்பெனிகளின் கணக்கறிக்கைகளை இவரிடம் உட்கார்ந்து ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்தாள்.

போன மார்ச்சில் லியோன் நகரத்து பிஸ்கட் கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கை வந்தது. அறுபத்து மூன்று பக்கம். ஒன்பது நாளில் முடித்துக் கொடுத்தாள். அனுப்புவதற்குமுன் சந்திரமௌலி தாமே அதை ‘பாலிஷ்’ போட்டார். இரண்டு மொழியிலும் எழுத்து ஒன்றுபோல இருந்தால் பொருளும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. பிரெஞ்சுக் கணக்கில் ‘எக்ஸெர்சீஸ்’ என்றால் நிதியாண்டு. அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள். அவர் ‘எக்சர்சைஸ்’ என்று மாற்றினார். ‘ப்ரொத்வி’ என்றால் வருமானம். அதை ‘புராடக்ட்’ ஆக்கினார். பிஸ்கட் கம்பெனி போன உடற்பயிற்சியில் நஷ்டப்பட்டது என்று அச்சாகி, பங்குதாரர்கள் கைக்கே போய்விட்டது.

அது போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் லியோனிலிருந்து காரமாக ஒரு மெயில் வந்தது. சந்திரமௌலி அவளைக் கூப்பிட்டார்.

“மேடம், டிரான்ஸ்லேட்டர் மிஸ்டேக்னு உங்க பேர்ல ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துடுங்க.”

“எக்சர்சைஸ்னு நானா சார் போட்டேன்?”

“யார் போட்டா என்ன மேடம். நாம எல்லாம் ஒரே டீம்தானே.”

“அப்ப டீம் பேர்லயே எழுதுங்க.”

இருக்கைக்குத் திரும்பி, தன் பிரதியையும் அவர் அனுப்பிய பிரதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். அவர் கெடுத்த இடங்களை ஒவ்வொன்றாகக் குறிக்கும்போது நாக்கில் ஒரு ருசி இருந்தது. மொத்தம் நாற்பத்தொன்று.

நடுவே நாற்பத்தெட்டாம் பக்கத்தில் மட்டும் பேனா நின்றது. அடுத்த வருடத்துக்காக முன்கூட்டியே வாங்கிய வருமானத்தை, முன்கூட்டியே கொடுத்த செலவு என்று எழுதியிருந்தது. பாலிஷ் அதைத் தொடவில்லை. எழுதியவள் அவளே. புதுச்சேரியில் எந்தப் பயிற்சிப் பையன் இதைச் செய்திருந்தாலும் நாள் முழுக்கக் கிழித்திருப்பாள். லியோன்காரர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

காது சுட்டது. பிரெஞ்சில் தானே மெயில் எழுதினாள். முதல் வரியில் தன் தவறைப் போட்டாள். அதன்பின் அலுவலகத்தில் மாற்றப்பட்ட நாற்பத்தொன்றையும் சரியான சொற்களோடு வரிசையாகக் கொடுத்து, சந்திரமௌலிக்கும் ஒரு பிரதி வைத்து அனுப்பினாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை காட்டியிருக்கலாமே, மேடம்” என்றார் அவர்.

“காட்டியிருந்தா பாலிஷ் போட்டிருப்பீங்க.”

மறுநாளே பதில் வந்தது. திருத்திய அறிக்கையை மறுபடி அச்சடிப்பதாகவும், இனி அவள் கடைசியாகப் பார்த்த பிரதிதான் தங்களுக்கு நேராக வரவேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். அவள் வேலை போகவில்லை. சந்திரமௌலி இப்போது வருகிறவர்களிடமெல்லாம் தாம் புதிதாகக் கொண்டுவந்த தர ஏற்பாடு என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். தேவானை மறுப்பதில்லை. அந்த ஆளோடு வாதாடி வாயை வீணாக்குவானேன் என்று அடுத்த அறிக்கையை எடுத்துக்கொள்கிறாள்.