இரண்டு டாக்டர்களும் ஒரு மஞ்சள் பையும்

என் கணவருக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. அவருடைய பழைய மூச்சு இழுப்புக்கு உள்ளூர் டாக்டர்தான் மருந்து கொடுத்துவந்தார். போன வருஷம் ரத்தக்கொதிப்பும் சேர்ந்துகொள்ள, தேனியில் வேறொரு டாக்டரிடம் போனோம். அங்கே இழுப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கணவர் என் கையை அழுத்தினார்.

வெளியே வந்ததும், "இன்னொரு டாக்டர்ட்டயும் பாக்குறோம்னு தெரிஞ்சா இவுக சங்கடப்படுவாக, சும்மா இரு" என்றார். அவரோடு வாதாட அலுப்பாக இருந்தது. விட்டுவிட்டேன்.

புது மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள், கடையில் அவருக்கு மூச்சு அடைத்து உதடு நீலம் பாய்ந்துவிட்டது. உள்ளூர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு மூச்சு சீரான பிறகு, டாக்டர் அந்த மாத்திரையை வாங்கிப் பார்த்தார்.

"இழுப்பு இருக்கவுக இதத் தொடவே கூடாதும்மா. குடுத்தவுகட்ட சொல்லலையா?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

இப்போதெல்லாம் எந்த டாக்டரிடம் போனாலும், எல்லா மருந்துச் சீட்டுகளையும் மாத்திரைகளையும் மஞ்சள் பையிலிருந்து மேஜையில் கொட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறேன். கணவர் இன்னமும் என் கையை அழுத்துகிறார். எனக்கு இன்னொரு கை இருக்கிறது.